ஒரே இடத்தில் எழுதிய பெயர்

நான் கல்யாணப் பத்திரிகை செய்கிறவள். அச்சடிப்பதில்லை. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் சின்ன அலுவலகம். அங்கே உட்கார்ந்து கல்யாணங்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறோம். முகப்பில் மணமக்கள் படம், அடுத்த பக்கத்தில் முகூர்த்த நேரம், அப்புறம் மண்டபத்துக்கு வழி, இரு வீட்டார் விவரம், புகைப்படங்கள், கடைசியில் நன்றி சொல்லும் பக்கம். வாட்ஸப்பில் ஒரு லிங்க் போனால் ஊரையே அழைத்த மாதிரி. "இதுக்கெல்லாமா காசு தர்றாங்க?" என்று என் வீட்டில் கேட்காத ஆள் இல்லை. தருகிறார்கள். தந்துவிட்டு முகூர்த்தம் முடியும்வரை உயிரையும் எடுக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் மணமக்கள் பெயரைத் தப்பாகப் போட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். அழைப்பவர்கள் பெயரில் கைவைத்தால் தொலைந்தோம். யார் பெயர் முதலில், யாருக்கு எந்த இனிஷியல், ஊர்ப்பெயர் முன்னாலா பின்னாலா, படிப்பைப் போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சாயத்து. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையுடைய மாமாவின் இனிஷியலை மாற்றச் சொன்னார்கள். அப்போதெல்லாம் பெயர்களை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்து வைத்திருப்போம். எல்லாப் பக்கத்திலும் மாற்றினோம், வழி காட்டும் பக்கத்தில் மட்டும் விட்டுப்போனது. அந்த மாமா கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வழி பார்க்க அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். "எவன் பேரையோ போட்டுக் கூப்பட்டிருக்கறீங்க, அவனே வரட்டுமுங்க" என்று பாதி வழியில் காரைத் திருப்பிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பாவே போய்க் கூட்டிவர வேண்டியதாயிற்று. எங்களுக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகுதான் பெயர் போடும் வேலையை நான் முறையாகச் செய்தேன். எங்கள் வேலையில் பக்கத்தை டெம்ப்ளேட் என்போம். அதில் பெயர் இருக்காது, பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறி மட்டும் இருக்கும். யாராவது திறக்கும்போது ஃபிரேம்வொர்க் என்கிற மென்பொருள் அந்தக் குறி இருக்கும் இடத்தில் பெயரை வைத்துப் பக்கத்தைக் கட்டிக் கொடுக்கும். நான் எல்லாப் பெயர்களையும் ஒரே இடத்தில் எழுதி, எந்தப் பக்கம் கிளம்பினாலும் இதைக் கையில் கொடுத்து அனுப்பு என்று ஃபிரேம்வொர்க்கிடம் சொல்லிவைத்தேன். பந்தியில் எத்தனை வரிசை உட்கார்ந்தாலும் சாம்பார் ஒரே அண்டாவிலிருந்து போகிற மாதிரி. இனி ஒரு பக்கத்தில் ஒரு பெயரும் இன்னொரு பக்கத்தில் வேறு பெயரும் வராது. அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் கொஞ்ச நாள் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன்.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பத்திரிகையை நானே செய்கிறேன் என்றேன். மாப்பிள்ளை மேட்டுப்பாளையம், பாக்கு மண்டி வைத்திருக்கும் குடும்பம். எங்கள் வீடு அன்னூரில். அப்பா அங்கே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தி ரோட்டுப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் இறங்கி, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு யார் யார் பெயர் வரவேண்டும் என்று கேட்டேன். அப்பா தன் பெயரைச் சொன்னார், தன் அண்ணன், அதாவது எங்கள் பெரியப்பா பெயரைச் சொன்னார். அம்மா கதவோரம் நின்று கொண்டிருந்தாள்.

"கண்ணு, உன்ற கல்யாணப் பத்திரிகைல என்ற பேரு வரலையல்ல?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகையில் அப்பா பெயரைப் போட்டு, பக்கத்தில் 'தம்பதியர்' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள்தான் அம்மா இருந்தாள். இத்தனை வருடத்தில் அதை அவள் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. எனக்கும் அது கண்ணில் பட்டதில்லை.

"இதுல என்ற பேரையும் போடறயா? முழுசாப் போடு."

"போடு போடு" என்றார் அப்பா. "மாப்பள பாத்தது அவ, மண்டபம் பேசுனது அவ, சமையக்காரனோட சண்ட போட்டதும் அவ. நான் சும்மா வேட்டியக் கட்டிக்கிட்டு நிக்கப் போறவந்தானே. அவ பேர மொதல்ல போடு."

"அய்யே, மொதல்ல எல்லாம் வேண்டாமுங்க. பக்கத்துல போதும்" என்றாள் அம்மா. முகம் சிவந்துவிட்டது. நான் அப்பா பெயரையும் பக்கத்தில் அவள் பெயரையும் எழுதிக் காட்டினேன். ஒரு முறை பார்த்தாள், உள்ளே போனாள். அன்றைக்கு யாரும் கேட்காமலேயே சந்தகை பிழிந்தாள், தேங்காய்ப்பாலோடு.

லிங்க்கை அப்பா பக்கத்துச் சொந்தங்களுக்கும் கடைக்கு வருகிறவர்களுக்கும் அனுப்பத் தொடங்கினோம். அப்பா பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க வருகிற ஆளுக்கெல்லாம் போனைக் காட்டினார். அம்மா தன் பிறந்த வீட்டுப் பக்கம் எல்லோருக்கும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைப்பேன், அப்புறம்தான் போனில் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குள் அப்பா போய்விட்டார். ஒரு மதியம் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லி சோடா வாங்கி வரச் சொன்னாராம். கடைப்பையன் சோடாவோடு வந்தபோது பிரித்துப் போட்ட மோட்டாரின் மேலேயே சாய்ந்து கிடந்திருக்கிறார். எனக்கு அலுவலகத்தில் போன் வந்தது. சரவணம்பட்டியிலிருந்து அன்னூர் வரைக்கும் ஆட்டோக்காரரிடம் என்னென்ன பேசினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அப்பாவைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. இங்கே இது போதும்.

காரியம் முடிந்த பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். நிச்சயம் செய்த கல்யாணத்தைத் தள்ளிப்போட்டால் வருடம் திரும்ப வேண்டும், அதனால் குறித்த நாளிலேயே வைத்துவிடலாம் என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். "உங்க சவுரியமுங்க, நாங்க எதுக்கும் தயாருங்க" என்றார்கள். அப்பா அம்மா இடத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்று சீர் செய்வார்கள் என்றும் பேசினார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். தங்கை உள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

அதற்கு மறுநாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். அப்பா போனதில் அவரைப்போல் அழுதவர் யாருமில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். தம்பி உடம்பை விடமாட்டேன் என்று வண்டியோடு ஓடியவர்.

"கண்ணு, பத்திரிகைல அப்பன் பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு போட்டுரு" என்றார். "அழைக்கறது நானும் உம் பெரியம்மாளும்னு போட்டுரு."

"சரிங்க பெரியப்பா."

"உங்கம்மா பேரு..." என்று நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "உங்கம்மா பேரு வேண்டாங்கண்ணு."

"எதுக்குங்க வேண்டாம்?"

"மங்கள காரியமாச்சே. சபைல ஒருத்தரு இல்லைன்னா ஒருத்தரு கேப்பாங்க. நம்ம வழக்கத்துல இல்ல."

"பெத்தவங்க பேரு போடறதுமா வழக்கத்துல இல்லீங்க?"

"கோவப்படாத சாமி. அச்சடிச்சிருந்தா நானே உட்டிருப்பேன். அடிச்ச பத்திரிகைய என்ன பண்ண முடியும்னு சொல்லிருப்பேன். எவனும் வாயத் தொறக்க முடியாது. இது நீ ஒரு நிமிசத்துல மாத்தலாமல்ல? மாத்த முடியறத மாத்தாம உட்டா, வேணும்னே போட்டதாத்தானே பேசுவாங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். அச்சடித்த தாள் என்றால் அம்மா பெயர் பீரோவிலும் அலமாரியிலும் யார் தயவும் இல்லாமல் கிடந்திருக்கும். நான்தான் பெரிய கெட்டிக்காரியாக எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அங்கே எடுத்தால், ஏற்கெனவே லிங்க் போய்ச் சேர்ந்த அத்தனை போனிலும் அவள் பெயர் அந்த நொடியே இல்லாமல் போகும். இருந்த சுவடுகூட இருக்காது.

"மாத்த முடியாதுங்க பெரியப்பா" என்றேன்.

"முடியாதா?"

"ஒருக்கா எல்லாப் பக்கத்துக்கும் போயிருச்சுன்னா அவ்வளவுதானுங்க. அப்பா பேரும் அப்படியேதான் இருக்கும். ஒண்ணும் பண்ண முடியாது."

துணிந்து சொன்ன பொய். பெரியப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டு, "அப்ப நம்ம கைல என்ன இருக்குது, உடு" என்றார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று இப்போதும் நம்புகிறேன். உள்ளே போனதும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பச்சப் பொய்யிக்கா" என்று சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல். சிரித்தபடியே அழுதாள், நானும் அழுதேன்.

அப்படியே போயிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அலுவலகத்தில் மற்ற கல்யாணங்களைச் செய்துகொண்டே, நடுநடுவே தங்கையின் பத்திரிகையைத் திறந்து பார்ப்பேன். அப்பா பெயர் தெய்வத்திரு இல்லாமல், உயிரோடு இருக்கிறவர் பெயராக, பக்கத்தில் அம்மா பெயரோடு இருக்கும். அதைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கும். ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

அடுத்த ஞாயிறு காலை அன்னூர் போனபோது அம்மா சமையல் அறையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"பெரியப்பாகிட்ட மாத்த முடியாதுன்னு சொன்னயாமா?"

"ஆமாங்கம்மா. முடியாதுங்க."

"மண்டபம் வழி தப்பா இருக்குதுன்னு அப்பா சொன்னாரு, நீ அப்பவே மாத்தல?"

இந்த அம்மாவிடம் பொய் சொல்லி நான் எந்தக் காலத்திலும் ஜெயித்ததில்லை.

"எடுத்துப்போடு கண்ணு."

"யாரு சொன்னாங்க? மாப்பிள்ள ஊட்ல யாராவது பேசுனாங்களா? சொல்லுங்க, நான் கேக்கறேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லுல. அவிய சொல்றதுக்கு முன்னால எடுத்துப்போடு." காயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், மாப்பள வண்டில ஒரு கீறல் உழுந்தாலும், பத்திரிகைல என்ற பேரு இருந்துச்சு, அதுனாலதான்னு ஒருத்தி சொல்லுவா. உம்பட தங்கச்சி அந்தப் பேச்சக் கேட்டுட்டு அங்க இருக்கோணுமா?"

"அப்படிச் சொல்றவ நாக்கு அழுகிப் போகட்டும்."

"அவ நாக்கு அழுகுனா எம் புள்ளைக்கு என்ன வந்துச்சு. பேச்சு பேச்சுதானே."

"உங்களுக்கு ஆசை இல்லீங்களா? நீங்களே வாய் உட்டுக் கேட்டீங்களேம்மா."

அவள் கை நின்றது. "ஆசப்பட்டேன். நீ போட்ட. அவரு இருக்கறப்பவே பாத்துட்டேன். போதும்" என்றாள்.

நான் முடியாது என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இது என்ன நியாயம், பெரியம்மா பெயர் இருக்கலாம், பெற்று வளர்த்து மாப்பிள்ளை தேடிக் கால் தேய நடந்தவள் பெயர் இருக்கக் கூடாதா, நீங்களே இதற்குத் துணை போகலாமா என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அம்மா எழுந்து கையைக் கழுவித் துடைத்தாள். முன்னறைக்குப் போய் என் லேப்டாப் பையை எடுத்து வந்து, அவரைக்காய் நாரை ஒதுக்கிவிட்டு, எனக்கு முன்னால் வைத்தாள்.

திறந்தேன். அழைப்பவர்கள் பெயர்கள் இருக்கும் இடத்துக்குப் போனேன். அப்பா பெயருக்கு முன்னால் தெய்வத்திரு சேர்த்தேன். அந்த வார்த்தையை மற்றவர்களின் அப்பாக்களுக்கு எத்தனையோ தடவை யோசிக்காமல் அடித்திருக்கிறேன். அப்புறம் அம்மா பெயரை அழித்தேன். பெரியப்பா, பெரியம்மா பெயர்களை அந்த இடத்தில் எழுதினேன்.

ஆனால் முழுக்க விட மனசு வரவில்லை. எங்கள் வேலையில் இன்னொன்று உண்டு. ஒரு பக்கத்துக்கு அதற்கென்று தனியாக ஒரு பெயரைக் கொடுத்துவிட்டால், பொதுவாக வருவதை அந்தப் பக்கம் கண்டுகொள்ளாது, தன்னிடம் இருப்பதைத்தான் காட்டும். நன்றி சொல்லும் கடைசிப் பக்கத்தைக் கல்யாணம் முடியும்வரை யாரும் திறக்கப்போவதில்லை. அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனியாக, அப்பா பெயரையும் பக்கத்தில் அம்மா பெயரையும் எழுதி வைத்தேன். ஒரு மூலையிலாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்ற ஆத்திரம்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகப்பைத் திறந்தாள். தெய்வத்திரு என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். அப்புறம் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். முகூர்த்தம், வழி, வீட்டார் விவரம், படங்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ்வரை விரலை வைத்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி தேடினாள். தன் பெயர் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசிப் பக்கமும் வந்தது.

விரல் நின்றது. அப்பா பெயரும் அம்மா பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"இங்க ஒண்ணு உட்டுப்போச்சு பாரு கண்ணு" என்றாள்.

வேண்டுமென்றுதான் விட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் மறுபடி ஒரு முறை தன் வாயால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். "கவனிக்கலீங்கம்மா" என்றேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்துக்காகத் தனியாக எழுதியதை எடுத்தேன். "இப்பப் பாருங்க."

பார்த்தாள். முதலிலிருந்து இன்னொரு முறை எல்லாப் பக்கத்தையும் பார்த்தாள்.

"இப்ப ஒரு பக்கத்துலயும் இல்ல. நல்லாச் செஞ்சிருக்கற கண்ணு" என்று என் முதுகைத் தடவினாள்.

எத்தனையோ வருடமாக இந்த வேலை செய்கிறேன். என் வேலையை அம்மா பார்த்துப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். எனக்கு லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. மூடி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவள் லிங்க்கை அனுப்பிக்கொண்டிருந்தாள், தன் பிறந்த வீட்டு ஆட்களுக்கு. நேரில் போய் அழைப்பதாக இருந்தவள். இனி வெற்றிலை பாக்கோடு யார் வீட்டுப் படியும் அவளால் ஏற முடியாது. அனுப்பிவிட்டு அவினாசியில் இருக்கும் தன் அண்ணனுக்கு, என் மாமாவுக்கு, போன் போட்டாள்.

"ஏனுங்ணா, பத்திரிகை அனுப்பிச்சிருக்கறனுங்க. வந்துருச்சுங்களா?"

மாமா திறந்து பார்க்கும்வரை காத்திருந்தாள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், உரக்கத்தான் பேசுவார். எனக்கே கேட்டது.

"வந்துச்சம்மிணி. என்னது, உன்ற பேரக் காணோமே?"

"பேரு எதுக்குங்ணா" என்றாள் அம்மா. "நாந்தான் கூப்படறனல்லங்க? எம் புள்ளைக்குக் கல்யாணமுங்க. அண்ணியையும் கொழந்தைகளையும் கூட்டிக்கிட்டு மொத நாளே வந்துருங்க."

அந்தப் பக்கம் மாமா அழுகிற சத்தம் கேட்டது. அம்மா அது அடங்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்து, "வெச்சரட்டுங்களா" என்று கேட்டு வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நம்பரைத் தேடினாள்.